எட்டுப் பேர் இருக்கிறோம், எந்தக் கழகத்தில் சேர்வது?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வேலைக்குப் போகும் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார்களாம். லயன்ஸ், றோட்டரி, கிவானிஸ் என்ற சர்வதேசச் சேவைக் கழகங்களில் ஒன்றில் சேர்வதா, இல்லை நாங்களே சங்கம் தொடங்குவதா, இந்தக் கழகங்களில் ஹோட்டல் சாப்பாடும் படம் பிடிப்பும் தவிர வேறு ஏதாவது நடக்கிறதா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். சில கழகங்கள் அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே பெயரில் இயங்கும் பக்கத்துக் கழகம் சத்தமில்லாமல் நல்ல வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

தனிச் சங்கம் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பதிவு, வங்கிக் கணக்கு, கணக்கறிக்கை என்று அலைந்தே உங்கள் ஆர்வம் பாதி வற்றிவிடும். புதிதாக ஒரு லயன்ஸ் கழகமோ றோட்டரிக் கழகமோ தொடங்க 20 பேர் வேண்டும், அதுவும் உங்களிடம் இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது: றோட்டரியில் எட்டுப் பேர் இருந்தாலே ஒரு தாய்க் கழகத்தின் கீழ் 'சேட்டலைட்' கழகம் நடத்தலாம், லயன்ஸில் கிளைக்கு ஐந்து பேர் போதும். தாய்க் கழகத்தின் உறுப்பினர்களாகவே இருந்துகொண்டு உங்கள் வேலையை நீங்களே தெரிவுசெய்யலாம்.

மூன்றுக்கும் குணம் வேறு. 1915இல் டெட்ரொய்டில் தொடங்கிய கிவானிஸ் பிள்ளைகளைத்தான் முன்னால் வைக்கிறது. லயன்ஸ் என்றால் கண், பார்வையும் கேள்வியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1925இல் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து பார்வையற்றவர்களுக்காகப் பேசியதிலிருந்து அப்படி. றோட்டரிக்குப் பல துறைகள், உலகளவில் பெரிய வேலை போலியோ ஒழிப்பு.

சேருமுன் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு விருந்தினராகப் போய் உட்காருங்கள். சர்வதேசச் சந்தா, மாவட்டச் சந்தா, கழகச் சந்தா, கூட்டச் சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கொழும்பில் சந்தாவைவிடச் சாப்பாட்டுச் செலவு கூடிவிடுவதும் உண்டு. அப்புறம் கணக்கு. லயன்ஸில் பொதுமக்களிடம் சேர்த்த காசை நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது விதி. நீங்கள் சேரும் கழகம் எதுவாக இருந்தாலும் பொதுமக்கள் காசுக்கும் நிர்வாகச் செலவுக்கும் கணக்கு தனித்தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்பதும் ஒரு தகவல்தான்.

இனி வேலை. பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. எனவே கழகங்கள் தவணை தொடங்கும்போது பையும் கொப்பியும் சப்பாத்தும் கொண்டுபோகும், பட்டியலை யாரும் ஒத்துப் பார்க்காததால் ஒரே பிள்ளைக்கு மூன்று பை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பட்டியலை அதிபரும் வகுப்பாசிரியரும்தான் போடவேண்டும், கழகச் செயலாளர் அல்ல.

என்னைக் கேட்டால் கண்ணிலிருந்து தொடங்குங்கள். தூரப் பார்வை மங்கிய பிள்ளை அதைச் சொல்லாது, எல்லோருக்கும் கரும்பலகை அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவனின் கொப்பியைப் பார்த்து எழுதும், ஆசிரியர் கவனக்குறைவு என்பார். ஆறு மீற்றர் தூரத்தில் ஒரு எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்கச் சொன்னாலே சந்தேகமான பிள்ளைகள் தெரிந்துவிடுவார்கள், பழக்கிவிட்டால் ஆசிரியரே செய்யலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். சிறு பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பல வேளைகளில் பவரைச் சரியாக அளக்க முடியும், அதற்குக் கண் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், போனால் அம்மாவின் ஒரு நாள் கூலி போகிறது, ஆகவே போகமாட்டார்கள். முகாம் நடத்திப் படம் போட்டவர்கள் இந்த இடத்தில் காணாமல் போவார்கள். நீங்கள் எட்டுப் பேரும் முறை வைத்து, அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், அந்த நாள் கூலியையும் பார்த்துக்கொண்டால் போதும். வளரும் பிள்ளைக்குப் பவர் மாறும், கண்ணாடி உடையும், எனவே அடுத்த வருடமும் அதே பாடசாலைக்குப் போகவேண்டும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக: பாடசாலை என்றால் அதிபர் வழியாக, தேவையென்றால் வலயக் கல்வி அலுவலகம். சிறுவர் இல்லம் என்றால் அது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவானதா என்று பாருங்கள். பொருளை வாங்கும் பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள், நாளைக்கு வகுப்பில் அதைக் காட்டிச் சிரிக்கப்போவது அந்தப் பிள்ளையின் தோழர்கள்தான். வேலைக்கு இடையில் ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடப்பது தெரிய வந்தால் நீங்களே விசாரிக்கப் போகவேண்டாம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.

இன்னொன்று. லயன்ஸிலும் றோட்டரியிலும் ஜூலை 1, கிவானிஸில் ஒக்டோபர் 1 அன்று நிர்வாகம் மாறும். புதுத் தலைவர் வந்ததும் புதுத் திட்டம், பழையது அப்படியே நிற்கும். ஆகவே விருந்தினராகப் போகும் நாளில் ஒரு கேள்வி கேளுங்கள்: போன தலைவர் காலத்தில் உதவி பெற்ற பிள்ளைகளை இப்போது யார் போய்ப் பார்க்கிறார்கள்? பதில் சொல்ல ஆளில்லை என்றால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த கழகத்தைத் தேடுங்கள்.