யானைப் பெருக்கமும் கழித்தல் கணக்கும்

கேள்வி: டெல்லி மிருகக்காட்சிசாலையில் ஷங்கர் என்ற ஆப்பிரிக்க யானை இறந்ததற்கு ஏன் இத்தனை கூப்பாடு? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிருகக்காட்சிசாலைக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகிக்கொண்டிருக்கின்றன. காட்டில் அழிந்தால்கூட அந்த இனத்தை அவர்கள் காப்பாற்றிவிடுவார்கள்தானே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பெருகுகிறது என்று உங்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. கன்று பிறந்தால் பெயர் சூட்டி, படம் எடுத்து, டிக்கெட் விற்கிறார்கள். கிழட்டுப் பிடி, அதாவது பெண் யானை, செத்தால் நாலு வரியில் ஓர் அறிக்கை. நீங்கள் பார்ப்பது கூட்டல் பக்கத்தை மட்டும்.

கழித்தல் பக்கத்துக்கு வாருங்கள். அந்த நாடுகளில் உள்ள வயதான ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை 1970களிலும் 80களிலும் கன்றாகப் பிடிபட்டவை. அப்போது தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவிலும் ஜிம்பாப்வேயிலும் ‘எண்ணிக்கைக் குறைப்பு’ என்று கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். தப்பிய கன்றுகள் விற்பனைக்குப் போயின. வாங்கியவர்கள் விரும்பியது பெண் கன்றுகளைத்தான். களிறு வளர்ந்தால் மதம் பிடிக்கும், அதற்குத் தனிக் கொட்டடியும் எஃகுத் தடுப்பும் வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி? ஆக, ஊருக்கு இரண்டு மூன்று பிடிகள், களிறே கிடையாது. 1989இல் பன்னாட்டு வன உயிர் வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் ஆப்பிரிக்க யானையை, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலுக்கு ஏற்றியது. வரத்து சுருங்கியது. அப்போதுதான் ‘நம்மிடம் கன்று பிறப்பதே இல்லையே’ என்று விழித்துக்கொண்டார்கள்.

விழித்தபோது நேரம் கடந்திருந்தது. யானையின் சினைக்காலம் 22 மாதம். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே நான்கைந்து வருடம். காட்டில் பிடி பதின்ம வயதின் தொடக்கத்தில் தலையீற்றைக் கண்டுவிடும். அந்த வயதைக் கன்றில்லாமல் கடத்திய பிடிக்குச் சினைப்பையும் கருப்பையும் சீக்கிரமே மூப்படைகின்றன. கருப்பையில் நீர்க்கட்டிகள் வருகின்றன. வட அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கப் பிடிகள் ஒழுங்காகப் பருவத்துக்கு வருவதில்லை என்று தெரிந்தது. பலவற்றுக்குக் காரணம் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது. உடல் பருமனும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

மாட்டுக்குப் போடுவதுபோல் சினை ஊசி போட வேண்டியதுதானே என்பீர்கள். போடுகிறார்கள். ஆப்பிரிக்க யானையில் அப்படி முதல் கன்று பிறந்தது 2000இல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில். ஆனால் பசுவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம். யானைக்கு 13 முதல் 17 வாரம். வருடத்துக்கு மூன்று நான்கு வாய்ப்புதான். வாரம் தவறாமல் காது நரம்பில் ரத்தம் எடுத்து புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவைப் பார்க்க வேண்டும். அது சரிந்ததும் தினமும் ரத்தம் எடுத்து முட்டையை வெளிவரச் செய்யும் எல்.எச். ஹார்மோன் எகிறும் நாளைப் பிடிக்க வேண்டும். விசித்திரம் இங்கேதான்: யானைக்கு எல்.எச். இரண்டு முறை எகிறும். முதல் முறை முட்டை வெளிவராது. சுமார் மூன்று வாரம் கழித்து வரும் இரண்டாவது எழுச்சியில்தான் வரும். இயற்கை கொடுத்த நாட்காட்டி இது. முதல் எழுச்சியைப் பிடித்துவிட்டால் மூன்று வாரத்துக்குள் களிற்றின் விந்தையும் மருத்துவக் குழுவையும் விமானத்தில் வரவழைத்துவிடலாம். கோட்டைவிட்டால் அடுத்த சுற்றுக்கு மூன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

நாள் சரியாக அமைந்தாலும் வேலை சுலபமில்லை. பிடியின் வெளித் துவாரத்திலிருந்து உள்ளே ஒரு மீட்டருக்கும் மேல் வளைந்து போகும் பாதை. அதன் முடிவில், ஒருமுறையும் ஈனாத பிடிக்கு, சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. உள்நோக்குக் குழாயை விட்டு, மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபடி அந்தத் துளைக்கு அப்பால் விந்தைச் சேர்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சினை நிற்காமல் போகலாம். நின்று ஈன்றாலும், பிரசவத்தையே பார்த்து வளராத பிடி மிரண்டு கன்றை உதைத்துத் தள்ளும், அண்டவிடாது. காட்டில் பக்கத்தில் நின்று சமாளிக்க அக்காளும் சித்தியும் இருப்பார்கள். இங்கே கம்பிக்கு வெளியே காவலர்தான் நிற்கிறார்.

சரி, உள்ளூரில் பிறக்கவில்லை, என்ன செய்தார்கள்? மறுபடியும் காட்டிலிருந்து வாங்கினார்கள். 2003இல் சுவாசிலாந்திலிருந்து (இன்றைய எஸ்வாத்தினி) 11 யானைகள் அமெரிக்காவின் சான் டியேகோவுக்கும் டாம்பாவுக்கும் போயின. 2016 மார்ச்சில் 17 யானைகள் டாலஸ், விசிட்டா, ஓமாஹா நகரங்களுக்கு விமானம் ஏறின. நீங்கள் படத்தில் பார்த்த அமெரிக்கக் கன்றுகளில் பல இந்த 28இன் வழியில் வந்தவை. சுவாசிலாந்தில் அப்போது இருந்ததே சில டஜன் யானைகள்தான். அவையும் குரூகர் சுட்டுத்தள்ளலில் தப்பிக் கொண்டுவந்து விடப்பட்ட கன்றுகளின் கூட்டம். ஓமாஹாவில் 2022 ஜனவரியில், அந்த மிருகக்காட்சிசாலையின் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கன்று பிறந்தது. தந்தை காலீ என்ற களிறு. பிறகு விசிட்டாவில் பிடிகள் சினையானதும் அதே காலீயால்தான். சான் டியேகோவில் மாபு என்ற ஒரே களிறு பத்துக்கு மேற்பட்ட கன்றுகளுக்குத் தந்தை. எண்ணிக்கை கூடியிருக்கிறது, சரி. ஒருசில களிறுகளின் வழியிலேயே கூடியிருக்கிறது.

பிறந்ததையும் காப்பாற்ற வேண்டுமே. ஈ.ஈ.எச்.வி. என்ற ஹெர்பிஸ் வைரஸ் இளம் யானைகளை ஓரிரு நாளில் சாய்த்துவிடும். ஆசிய யானைக் கன்றுகளுக்குத்தான் எமன் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2019 மார்ச்சில் இண்டியானாபொலிஸில் நையா, கலினா என்ற இரண்டு இளம் ஆப்பிரிக்க யானைகள் ஒரே வாரத்தில் இறந்தபின் அந்த நினைப்பு போயிற்று. நாக்கு நீலம் பாரித்து முகம் வீங்கிய பிறகு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பயனில்லை. அதனால் ரத்தத்தை அடிக்கடி பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பி, வைரஸ் அளவு ஏறத் தொடங்கும்போதே ஃபாம்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்துகிறார்கள். பெரிய யானையின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) உறையவைத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளின் பெண் யானைகளைக் கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்கா யானைகளோடு ஒப்பிட்டது. மிருகக்காட்சிசாலையில் பிறந்த ஆப்பிரிக்கப் பிடியின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி யானைகள் இறந்துபோகும் வயது, 16.9 வருடம். அம்போசெலியில் இயற்கை மரணங்களை மட்டும் கொண்டால் 56. மனிதர் கொன்றவற்றையும் சேர்த்தால்கூட 35.9. அது 1960 முதல் 2005 வரையிலான கணக்கு. அதன்பின் பராமரிப்பு மேம்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் தரைக்குப் பதில் மணல் போட்டது பாதத்துக்கும் மூட்டுக்கும் நல்லது. குழுவாக வைக்கிறார்கள். ஆனால் ஈட்டியும் துப்பாக்கியும் உள்ள காட்டில் வாழ்ந்த யானை, வேளா வேளைக்குத் தீனியும் மருத்துவரும் கிடைத்த யானையைவிட இரண்டு மடங்கு வாழ்ந்தது என்பது அவர்களை உறுத்தத்தான் செய்தது.

காட்டில் அழிந்தால் என்கிறீர்கள். 2016இல் முடிவு வெளியான வான்வழிக் கணக்கெடுப்பில் 18 நாடுகளில் 3,52,271 சவானா (புல்வெளி) யானைகள் இருந்தன. ஏழு வருடத்தில் 30 சதவீதம் குறைந்து நின்ற எண்ணிக்கை அது. அமெரிக்க, ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் இருப்பவை மொத்தமாகச் சில நூறு. இந்தச் சில நூறு அந்த லட்சங்களுக்கு மாற்றா? போதாக்குறைக்கு ஜிம்பாப்வே 2012 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துச் சீனாவுக்கு விற்றது. 2019இல் ஜெனீவாவில் சைட்டிஸ் நாடுகள் கூடித்தான் அதற்குக் கடிவாளம் போட்டன.

காட்டு ரத்தம் வேண்டும், ஆனால் கன்றைப் பிடிக்கக் கூடாது என்றால் வழி இருக்கிறது. வியன்னாவின் ஷோன்ப்ருன் மிருகக்காட்சிசாலையில் 2013 செப்டம்பரில் பிறந்த இக்வாவின் தந்தை தென்னாப்பிரிக்காவை விட்டு ஓரடிகூட நகராத காட்டுக் களிறு. மயக்க ஊசி போட்டு எடுத்து உறையவைத்த விந்து மட்டும் ஐரோப்பா போனது. இக்வா என்றால் ஸூலு மொழியில் பனிக்கட்டி.

கடைசியாக ஷங்கர். 1990களில் ஜிம்பாப்வே நாடு நம் குடியரசுத் தலைவராயிருந்த ஷங்கர் தயாள் சர்மாவுக்குப் பரிசளித்த கன்று. கூட வந்த பிடி சில ஆண்டுகளிலேயே செத்துப்போனது. யானையை ஆறு மாதத்துக்கு மேல் தனியே வைக்கக் கூடாது என்று 2009லேயே விதி வந்தும், பல வருடம் தனியாகவே நின்றான். அவனை வைத்திருந்த விதத்துக்காக 2024 அக்டோபரில் உலக மிருகக்காட்சிசாலைகள் சங்கம் டெல்லியின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பர் 17இல் இறந்தபோது வயது 29. இப்போது இந்தியாவில் மிஞ்சியிருப்பது மைசூரில் ஒரே ஒரு ஆப்பிரிக்க யானை. அதுவும் களிறு.