கன்வெர்ஜ் இசைத்தட்டில் கேட்கும் கரகரப்பு பழுதா?

கேள்வி: கன்வெர்ஜ் குழுவின் ‘ஜேன் டோ’ ஆல்பத்தின் பழைய இசைத்தட்டு ஒன்றை, கீறல் இல்லை என்ற உறுதியின் பேரில், வண்ணத் தட்டு என்பதால் கூடுதல் விலை கொடுத்து இணையத்தில் வாங்கினேன். பாடகர் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. கிதார் ஒலி கரகரவென்று உடைகிறது. இது பழுதா, போலியா? திருப்பி அனுப்பலாமா?

பதில்: நீங்கள் பழுது என்று கருதுவதில் பெரும்பகுதி அக்குழு வேண்டுமென்றே உருவாக்கிய ஒலியாகவே இருக்கக்கூடும். 1990இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் (நம் மாம்பழச் சேலம் அல்ல) தொடங்கிய கன்வெர்ஜ், ஹார்ட்கோர் பங்க், மெட்டல் என்ற இரு ராக் இசை வகைகளில் முன்னதன் வேகத்தையும் பின்னதன் கனத்த கிதார் வாசிப்பையும் பிணைத்த முன்னோடிகளுள் ஒன்று. 2001இல் வந்த இந்த ஆல்பமே அந்தப் பிணைப்பின் உச்சம் என்பது என் கருத்து. பாடகர் ஜேக்கப் பானன் அடிவயிற்றிலிருந்து கத்துவதால், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலும் சொற்கள் பிடிபடுவது கடினம். முதல் பாட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் சீறி முடிய, ஆல்பத்தின் பெயரையே கொண்ட கடைசிப் பாட்டோ 11 நிமிடங்களுக்கு மேல் மெல்ல நகர்கிறது. கிதார் கலைஞர் கர்ட் பாலூ, சேலத்தில் உள்ள தமது காட்சிட்டி ஒலிப்பதிவுக்கூடத்தில் நெயில்ஸ், குவெலர்டாக் போன்ற குழுக்களுக்கும் ஒலிப்பதிவு செய்திருப்பதால், இந்த முரட்டு ஒலியின் சாயலைப் பின்வந்த பலரிடமும் கேட்கலாம்.

ஆகவே, அதே பாட்டை இணையத்தில் அதிகாரபூர்வமாக வெளியான வடிவில் கேட்டு ஒப்பிடுங்கள். அங்கும் அதே கரகரப்பு இருந்தால் தட்டின்மீது குற்றமில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டில் சுமார் 1.8 விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற ஒலி தவறாமல் வந்தால், அது பெரும்பாலும் கீறல். கீறல் இல்லை என்று சொல்லி விற்றிருப்பதால், அதைக் காணொளியாகப் பதிவுசெய்து விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நடு லேபிளை நெருங்கும்போது மட்டும் ஒலி சிதைந்தால், ஊசி தேய்ந்திருக்கலாம் அல்லது சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம்; வேறொரு தட்டையும் ஓடவிட்டுப் பாருங்கள். போலியா என்று அறிய, லேபிளைச் சுற்றிய வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணை இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் (Discogs) இணையதளத்தில் உள்ள பதிப்பு விவரத்துடன் சரிபாருங்கள்.

வண்ணத் தட்டுக்குத் தரும் கூடுதல் விலை அரிய பொருள் என்பதற்கானதே. ஒலி அதனால் மேம்படுவதில்லை. அடுத்து 2004ஆம் ஆண்டின் ‘யூ ஃபெயில் மீ’ ஆல்பத்தை வாங்குவதானால், பாலூ மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து 2016இல் வெளிவந்த ‘ரீடக்ஸ்’ பதிப்பையும் கேட்டுப் பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குங்கள்.