குளத்தில் மருந்து வாடை அடித்தால் குளோரின் அதிகமா?

கேள்வி: எங்கள் ஊர் நகராட்சி நீச்சல் குளத்தில்தான் தாத்தா, அப்பா, நான் மூவருமே நீந்தப் பழகினோம். இப்போது என் 6 வயது மகள் போகிறாள். வீடு திரும்பும்போது கண் சிவந்திருக்கிறது, மருந்து வாடை மூக்கைத் துளைக்கிறது. ‘குளோரினை அள்ளிக் கொட்டுறாங்க’ என்கிறார் அப்பா. அதோடு, தாத்தா தன்னைச் செய்ததுபோல் பேத்தியையும் ஆழத்தில் தூக்கிப் போட்டால் தானாக நீந்திவிடுவாளாம். என்ன செய்யலாம்?

பதில்: குளத்தை விட வேண்டாம். அப்பா சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் நேர்மாறு. நம் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருட்களோடு குளோரின் சேரும்போது குளோரமைன் உண்டாகிறது. மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் அதுதான். வாடை தூக்கலாக இருந்தால், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அங்கே செலவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது இன்னும் குளோரின் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்பாவிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்!

குளத்துப் பணியாளரிடம் சோதனையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. குப்பியில் தண்ணீர் பிடித்து, சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டதும் மஞ்சளாக மாறினால் அது மொத்தக் குளோரின் கணக்கு. செலவானதும் அதில் அடக்கம். டிபிடி என்ற சோதனை மாத்திரையைப் போட்டு இளஞ்சிவப்பாக மாறுவதுதான் வேலை செய்யும் குளோரின். அது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 7.2 முதல் 7.8 இருந்தால் நல்லது. பிஎச் தவறினாலும் கண் எரியும்.

உங்கள் பங்குக்கு, இறங்கும் முன் மூவரும் ஒரு நிமிடம் ஷவரில் நில்லுங்கள். குளிக்கப் போகுமுன் குளியலா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மணிக்கொரு முறை மகளைக் கழிவறைக்கு அனுப்புங்கள். நீச்சல் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் குளத்துப் பக்கமே போகக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, குளோரின் சரியாக உள்ள தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் பிழைத்திருக்கும்.

தூக்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பிழைத்து வந்தவர்கள்தான் அந்தக் கதையைச் சொல்ல இருக்கிறார்கள். காற்றடித்த டியூபையும் நம்பாதீர்கள். எட்டினால் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல், தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். அந்த வேலைக்கு அப்பாவை விட்டால் ஆள் ஏது? முதல் வாரம் இடுப்பளவுத் தண்ணீரில் அவர் முதலில் முகத்தை முக்கிக் குமிழி விடட்டும், பேத்தி பார்த்துச் செய்வாள்.