எண் ஒன்றுதான், கால் வேறு

எலக்ட்ரானிக்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடி எரிய 350 ஓம் ரெசிஸ்டர் வேண்டும் என்று கணக்கு வருகிறது. பல கிளைகள் உள்ள பெரிய கடையிலும் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். கணக்கில் தப்பா?

பதில்: கணக்கும் சரி, கடைக்காரர் சொன்னதும் சரி. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை, எல்இடிக்கு வழக்கமாகக் கொடுக்கும் 20 மில்லிஆம்பியரால் வகுத்தால் 350 ஓம். ஆனால் ரெசிஸ்டர் எல்லா மதிப்பிலும் வருவதில்லை. அலமாரியில் தொங்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற 12 எண்களும் அவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்குகளும்தான் இருக்கும். கணக்கில் வந்ததற்கு அடுத்த பெரிய மதிப்பை எடுங்கள். இங்கே அது 390 ஓம். மின்னோட்டம் 18 மில்லிஆம்பியர் ஆகும், வெளிச்சம் குறைந்தது கண்ணுக்கே தெரியாது. கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும். வெறும் அடையாள விளக்கு என்றால் 1 கிலோஓம் போடுங்கள். 7 மில்லிஆம்பியரிலேயே நன்றாக எரியும், பேட்டரியும் நெடுநாள் வரும்.

கேள்வி: 5 வோல்ட் ரிலே (சுருளின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) சர்க்யூட்டுக்கு 2என்2222 டிரான்சிஸ்டர் கேட்டேன். இருப்பு இல்லை, பிசி547-ம் அதே வேலையைச் செய்யும் என்று கொடுத்தார்கள். ரிலே இழுக்கவே இல்லை. டிரான்சிஸ்டர் மட்டும் கொதிக்கிறது. வாங்கியதே பழுதா?

பதில்: பெரும்பாலும் நல்ல டிரான்சிஸ்டராகத்தான் இருக்கும், போர்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் என்பிஎன் என்ற ஒரே வகை, இரண்டுக்கும் ஒரே கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்கள். பிசி547-ல் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்2222 வகையில் பிஎன்2222ஏ என்று அச்சிட்டதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். இதிலும் ஒரு வம்பு உண்டு: பி2என்2222ஏ என்று அச்சிட்டு வருவதன் கால் வரிசை பிசி547 போலவே இருக்கும். அதனால் பாக்கெட்டில் ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள். டிரான்சிஸ்டரை வெளிச்சத்தில் சாய்த்து, உடம்பில் இருக்கும் எழுத்தை முழுசாகப் படியுங்கள்.

கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினால் டிரான்சிஸ்டர் ஒரேயடியாகச் செத்துவிடாது. நூறு மடங்குக்கு மேல் இருந்த பெருக்கம் சில மடங்காகச் சுருங்கிவிடும். ரிலேக்குப் போக வேண்டிய வோல்ட்டேஜில் ஒரு பகுதியைத் தானே பிடித்துக்கொண்டு பாதி திறந்த நிலையில் நிற்கும், சூடு அங்கிருந்துதான்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனையை நடுக்காலிலும் கறுப்பு முனையை மற்ற இரு கால்களிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். இரண்டிலும் 0.6 முதல் 0.7 வரை காட்டும். கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் கால்தான் எமிட்டர். வித்தியாசம் கடைசி இலக்கங்களில்தான் தெரியும், அவசரப்படாமல் பாருங்கள்.

காலைத் திருப்பிப் போட்டாலும் பிசி547 இந்த இடத்துக்கு ஏற்றதில்லை. அதன் உச்ச வரம்பு 100 மில்லிஆம்பியர். 70 ஓம் சுருள் உள்ள 5 வோல்ட் ரிலே 71 மில்லிஆம்பியர் இழுக்கும். வரம்பை ஒட்டியே நாள் முழுக்க ஓட்டக்கூடாது. பிசி337 கேளுங்கள். கால் வரிசை பிசி547 போலவேதான். 2222-க்கு வரைந்த போர்டில் திருப்பி மாட்ட வேண்டும். 71 மில்லிஆம்பியர் அதற்குச் சாதாரணம். பேஸுக்கு சுருள் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 மில்லிஆம்பியர் கொடுங்கள். 5 வோல்ட் சிக்னலில் இருந்து என்றால் 560 ஓம் போதும். சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்று, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். கடையில் 1என்4001 மட்டும் இருந்தாலும் இங்கே குறையில்லை. டையோடே போடாவிட்டால் ரிலே விடும்போது எழும் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரைத் துளைத்துவிடும்.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட்டில் மோட்டாரை ஓட்ட ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட் வாங்கினேன். 2 முதல் 4 வோல்ட்டில் திறக்கும் என்று போட்டிருக்கிறது. ஆனால் தொட்டால் விரல் சுடுகிறது.

பதில்: அந்த 2 முதல் 4 வோல்ட் என்பது 250 மைக்ரோஆம்பியர் மட்டும் கசியத் தொடங்கும் நிலை. மோட்டாருக்கு அது எந்த மூலைக்கு? முழுதாகத் திறக்க கேட் காலில் (மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால்) 10 வோல்ட் வேண்டும். ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள், அது 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும். ஐஆர்எஃப்இசட்44என் என்று ஒன்றும் பக்கத்திலேயே தொங்கும். அதற்கும் 10 வோல்ட் வேண்டும், பழைய கதைதான், எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: 0.1 மைக்ரோஃபாரட் கேட்டால் '104' என்று எழுதிய கெபாசிட்டர் தருகிறார்கள். சரியா?

பதில்: சரிதான். 10-க்குப் பின்னால் 4 பூஜ்ஜியம், பிகோஃபாரடில். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வாங்கும்போது வோல்ட்டைப் பாருங்கள்: 16 கேட்டு 25 கொடுத்தால் வாங்கலாம், 10 கொடுத்தால் வேண்டாம். உயரம் பெட்டிக்குள் அடங்குமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு பென்டார்ச் செல்லில் 555 டைமர் ஓடவில்லை. ஐசியை மாற்றியும் அதே நிலை.

பதில்: சாதாரண என்இ555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். உங்களிடம் 3 வோல்ட்தான். டிஎல்சி555 கேளுங்கள், 2 வோல்ட்டிலிருந்தே ஓடும், கால்கள் அதே இடத்தில். ஆனால் வெளியே தள்ளும் மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர் அளவுதான். பஸ்ஸர், ரிலே எல்லாம் நேராக மாட்டாமல் டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுங்கள். வாங்கும்போது இருபக்கமும் நீளக் கால் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். போர்டின் மேல் ஒட்டும் குட்டி வகை பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை) நுழையாது.

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் தீர்ந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் குழாய் வேலைக்கான ஈயமும் பேஸ்ட்டும் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குழாய் வேலைக்கான பேஸ்ட்டில் அமிலத் தன்மையுள்ள ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பொருள்) இருக்கும். பற்றவைத்த அன்று இணைப்பு பளபளவென்றுதான் தெரியும். நாள் ஆக ஆகச் செப்புப் பாதையின் ஓரத்தில் பச்சை படரும். கம்பியின் இழைகளுக்குள் புகுந்ததைத் துடைத்தும் எடுக்க முடியாது. உள்ளே ரோசின் (பிசின் வகை ஃபிளக்ஸ்) உள்ள, வெள்ளீயமும் காரீயமும் 60/40 அல்லது 63/37 அளவில் கலந்த ஈயம், 0.8 மில்லிமீட்டர் கனம், அதுதான் வேண்டும். 63/37 என்றால் 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும், அதனால் உறையும்போது கை அசைந்து இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே அந்தப் பேஸ்ட்டைப் பயன்படுத்தியிருந்தால் போர்டை வெந்நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அந்த இணைப்புகளை உருக்கி எடுத்து ரோசின் ஈயத்தால் மறுபடி பற்றவையுங்கள்.