ஏ.ரீ.பி சிந்தேஸ் நொதியம் உண்மையிலேயே சுழலுமா, இல்லை படத்துக்காக அப்படி வரைகிறார்களா?

உண்மையிலேயே சுழலும். கலங்களுக்குச் சக்தி கொடுக்கும் ஏ.ரீ.பி மூலக்கூறை உருவாக்கும் நொதியம் இது. 1997இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதன் தண்டில் அக்ரின் என்ற ஒளிரும் புரத இழையை ஒட்டி, ஏ.ரீ.பி கொடுத்து நொதியத்தை எதிர்த்திசையில் இயக்கி, இழை சுற்றுவதை நுணுக்குக்காட்டியில் நேரடியாகப் பார்த்தார்கள்.

நான் திருகோணமலை, அதனால் கந்தளாய்க் குளத்தை வைத்தே சொல்கிறேன். அணைக்கட்டு தேக்கிய தண்ணீர் துருசைத் திறந்ததும் வேகமாகப் பாய்கிறது, அந்தப் பாய்ச்சலில் ஒரு சக்கரத்தை வைத்தால் சுற்றும்தானே? கலத்தின் சக்தி நிலையமான இழைமணியின் உள்மென்சவ்வுதான் இங்கே அணைக்கட்டு. நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து வரும் இலத்திரன்கள் ஒட்சிசன்வரை கைமாறிப் போகும்போது புரோத்தன்கள் வெளியே தள்ளப்பட்டுத் தேங்குகின்றன, அப்புறம் அவை இந்த நொதியம் வழியாகத் திரும்பிப் பாயும்போது மென்சவ்வில் உள்ள வளையமும் அதோடு சேர்ந்த தண்டும் சுழல்கின்றன. தலைப்பகுதி மட்டும் சுழலாது. தண்டு சுற்றச் சுற்ற, தலையிலுள்ள மூன்று இடங்கள் மாறிமாறி வடிவம் மாற்றும், ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.ரீ.பி கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஏ.ரீ.பியின் மூலப்பொருள்களான ஏ.டீ.பியையும் பொஸ்பேற்றையும் இணைப்பதற்கல்ல, உருவான ஏ.ரீ.பியை இறுக்கமான பிடியிலிருந்து விடுவிக்கத்தான் சக்தி முக்கியமாகச் செலவாகிறது. இதைச் சொன்னவர் போல் போயர் (Paul Boyer) என்ற விஞ்ஞானி. அவரும் கட்டமைப்பைக் காட்டிய ஜோன் வோக்கரும் 1997 வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்தார்கள்.