அரசு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் தயார்படுத்த முன்னாள் மாணவர்கள் என்ன செய்யலாம்?

ஏற்காட்டில் படித்த பள்ளிக்கு நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டிக் கணினி வாங்கித் தரலாமா, வேறு ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணினி வாங்கித் தாருங்கள், நல்லதுதான். அதற்கு முன்னால் பத்தாவது படிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் அம்மா அப்பாவோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பதினொன்றாவதில் எந்த குரூப், எந்தப் பள்ளி என்பதைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

நானும் சேர்வராயன் மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவன். பத்தாவதோடு பள்ளி முடிந்துவிடும். பதினொன்றாவதுக்குச் சேலத்துக்கு இறங்கினேன். கூட வந்த நண்பன் கணக்கு இல்லாத அறிவியல் குரூப் எடுத்தான், நானும் அதையே எடுத்தேன். எதற்காக இந்த குரூப் என்று யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது முடித்து இன்ஜினியரிங் சேர விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணக்கே படிக்காத நான் விண்ணப்பமே போட முடியாது. அப்புறம் பி.எஸ்சி. படித்தேன், வேலையும் கிடைத்தது. ஆனாலும் பதினைந்து வயதில் ஒருவர் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

பள்ளி விஷயத்திலும் கவனம் வேண்டும். "நல்ல மார்க் வந்திருக்கு, ரெண்டு வருஷம் தனியார்ல போடலாம்" என்று கடன் வாங்குகிற அப்பாக்கள் உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு வருடம் தனியாருக்கு மாறினால் இந்த உரிமை போய்விடும்.

சான்றிதழ் வேலையையும் பத்தாவதிலேயே தொடங்கிவிடுங்கள். மற்ற சாதிச் சான்றுகள் தாலுகா அலுவலகத்திலேயே கிடைக்கும். இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடிப் பிள்ளைகளுக்கான சான்று கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். விசாரணை, காத்திருப்பு என்று நாள் இழுக்கும்.

இனி, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு சம்பவம். காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள் பத்தாவதில் பள்ளி முதல் மதிப்பெண். பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ, அதை முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு என்று அப்பாவிடம் முக்கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, புள்ள ராத்திரி எங்க தங்கும்?" என்றார். நான் யோசித்தே பார்க்காத கேள்வி. அடுத்த சனிக்கிழமை இருவரையும் சேலத்துக்கு அழைத்துப் போய் விடுதியைக் காட்டினேன். படுக்கும் அறை, சமையல்கட்டு, வாசல் கேட் எல்லாவற்றையும் அவர் நின்று நின்று பார்த்தார். வார்டன் அம்மா அந்தப் பெண்ணிடம் "சாப்டியா கண்ணு?" என்று கேட்டார். மலை இறங்கும்போது இருந்த இறுக்கம் அப்பாவின் முகத்தில் அப்போதுதான் விலகியது. அந்த வருடமே சேர்த்துவிட்டார்.

அதனால் திரட்டுகிற பணத்தில் ஒரு நாளைக்கு வேன் எடுங்கள். பிள்ளைகளோடு பெற்றோரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். சேலத்தை அடுத்த கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி, சேலம் ஊருக்குள் 1857-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி, அரசு ஐடிஐ என்று காட்டலாம். இந்திய கைத்தறி தொழில்நுட்ப நிறுவனத்தை மறக்காதீர்கள். மத்திய அரசு நிறுவனம், 1960 முதல் சேலத்திலேயே இருக்கிறது, பத்தாவது முடித்தவர்களுக்கு டிப்ளமோ உண்டு. உள்ளூர்க்காரர்கள் பலருக்கே இது தெரிவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

போகிற இடங்களுக்குத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கி அனுப்பிவிடுங்கள். விடுதியில் அன்றைக்கு வார்டன் இருப்பாரா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். காலை டிபன் லேசாக இருக்கட்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் சில பிள்ளைகளுக்கு வாந்தி வந்துவிடும்.