வாசகர் கேள்வி: அம்மாவின் பேர்ஸ்

கேள்வி: கொரோனாக் காலத்தில் மீன்காரருக்குக்கூட போனிலேயே காசு அனுப்பிய என் அம்மா, இப்போது பழையபடி பேர்ஸும் கையுமாகத்தான் கடைக்குப் போகிறார். அவ்வளவு பழகியும் ஏன் விட்டுவிட்டார்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மாவை விடுங்கள், நானும் அப்படித்தான். 2020 மார்ச் 20இல் போட்ட ஊரடங்கு கொழும்பில் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது, ஏ.டி.எம். வரை நடக்கவே முடியாதபோது வேறென்ன செய்வது? எங்கள் ஒழுங்கைக்கு வந்த மரக்கறி லொறிக்காரர் தன் கணக்கு இலக்கத்தை பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார், மழையில் கடைசி இலக்கம் கரைந்துபோய், மாடியிலிருந்து ஆளாளுக்கு "அது மூன்றா, எட்டா?" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நோட்டில் கிருமி இருக்கும் என்ற பயமும் இருந்தது, சரி. பக்கத்து வீட்டில் ஆயிரம் ரூபாத் தாள்களைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம், நோட்டால் பரவும் என்று தாங்கள் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தது யார் காதிலும் ஏறவில்லை. ஆனால் அதே வருடம் நாட்டில் புழங்கிய தாள் காசும் கூடத்தான் செய்தது. வாசலில் போன், அலுமாரிக்குள் நோட்டுக்கட்டு!

பயம் போனதும் தேவை உள்ளது மட்டும் தங்கியது. கரண்ட் பில், டியூஷன் காசு, யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது எல்லாம் உங்கள் அம்மா இப்போதும் போனில்தான் செய்வார், கேட்டுப் பாருங்கள், ஒரு வரிசை மிச்சம். கறிவேப்பிலைக்கு யார் ஓ.டி.பி. என்ற ஒருமுறை இரகசிய இலக்கம் வரும்வரை நிற்பது? போனால் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டும் லங்கா கியூஆர் அட்டை பல கடைகளில் இருக்கிறது, கடைக்காரரிடம் வங்கி ஒரு சின்னக் கட்டணம் எடுப்பதால் சில முதலாளிமார் அதை டொபி போத்தலுக்குப் பின்னால் வைத்துவிட்டு "சிக்னல் இல்லை தங்கச்சி" என்பார்கள். 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டினால்தான் பெற்றோல் என்றதும் ஒரே வாரத்தில் எல்லோரும் படித்துக்கொண்டார்களே, அதுவும் வேறு வழியில்லாமல்தான். அதே வருடம் கரண்ட் மணிக்கணக்கில் போய் போன் செத்துக் கிடந்தபோது கைகொடுத்தது அம்மாவின் பேர்ஸ்.

கேள்வி: காசு அனுப்பியதாக ஸ்கிரீன்ஷொட் காட்டிவிட்டுப் போகிறார்கள். நம்பலாமா?
– கடைக்காரர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் அண்ணை. படத்தை யாரும் திருத்தலாம். உடனடிப் பரிமாற்றம் என்றால் சில நொடிகளில் உங்கள் கணக்கில் விழும். உங்கள் போனுக்குக் குறுந்தகவல் வரும்வரை பொருளைப் பையில் போடாதீர்கள்.